டைவ் கம்ப்யூட்டர் பேட்டரி: நாமே மாற்றுவதா, பிறரிடம் கொடுப்பதா?

"திரையின் ஓரத்தில் பேட்டரிச் சின்னம் சிமிட்டத் தொடங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை அந்தமானுக்கு விமானம். நானே திறந்து மாற்றிவிடவா, இல்லை யாரிடமாவது கொடுக்கவா?"

சீசன் தொடங்கும் ஒவ்வோர் அக்டோபரிலும் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியோடு வந்துவிடுகிறார். என்னிடம் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆழத்தையும் நேரத்தையும் அளந்து, கடலுக்கடியில் இன்னும் எவ்வளவு நேரம் பாதுகாப்பாக இருக்கலாம் என்று சொல்லும் இந்த டைவ் கம்ப்யூட்டர்களில் ஒன்றை என் கையாலேயே நான் மூழ்கடித்திருக்கிறேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

சாதாரணக் கைக்கடிகாரத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை முதலில் ஒரு கணக்காகப் பார்த்துவிடலாம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 18 மீட்டர் ஆழத்தில், 3 சென்டிமீட்டர் அகலமுள்ள பேட்டரி மூடியைத் தண்ணீர் 12 கிலோவுக்கும் அதிகமான விசையோடு அழுத்திக்கொண்டிருக்கும். 40 மீட்டரில் அதுவே 28 கிலோ. இத்தனையையும் தடுத்து நிறுத்துவது நூல்கண்டு நூலைவிடச் சற்றே தடித்த ஒரு ரப்பர் வளையம், அதாவது ஓ-ரிங். பேட்டரி இங்கே வெறும் சாக்கு. வேலை முழுவதும் அந்தக் கதவைத் திறந்து மறுபடி பூட்டுவதில்தான் இருக்கிறது.

## எதை வைத்து எடைபோடுவது?

முதலில் மூடியைப் பாருங்கள். நாணயத்தை வைத்துத் திருகும் பள்ளம் இருந்தால், பயன்படுத்துபவரே திறக்கட்டும் என்று நினைத்துத்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். மாரெஸ் பக் ப்ரோ, க்ரெஸ்ஸி லியோனார்டோ, சுன்டோ ஸூப் நோவோ போன்றவை இந்த வகை. பின்புறத்தில் நான்கு பொடித் திருகாணிகள் தெரிந்தால் அது வேறு கதை. கைக்கடிகார அளவில் வரும் பல மாடல்களுக்கு, சேவை மையத்துக்கே அனுப்புமாறு கையேடு சொல்கிறது. கையேட்டின் பேட்டரிப் பக்கத்தைப் படிக்காமல் ஸ்க்ரூடிரைவரை எடுக்காதீர்கள். உத்தரவாதக் காலம் முடியாவிட்டால் இன்னும் கவனம் தேவை.

இரண்டாவது, மூடிய பிறகு யாராவது அழுத்தச் சோதனை செய்வார்களா என்பது. மூன்றாவது, அடுத்த டைவுக்கு எத்தனை நாள் இருக்கிறது. நான்காவது, தவறு நேர்ந்தால் நட்டம் யாருடையது.

ஐந்தாவதைப் பலர் யோசிப்பதே இல்லை: கடைசி டைவ் முடிந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று? பேட்டரியைக் கழற்றினால், நீருக்கடியில் சுவாசித்த காற்றிலிருந்து உங்கள் உடலில் சேர்ந்து மிச்சமிருக்கும் நைட்ரஜன் கணக்கைப் பல கம்ப்யூட்டர்கள் மறந்துவிடும். புது பேட்டரி போட்டதும், வாரக்கணக்கில் கடல் பக்கமே போகாத ஆள் என்று எண்ணி உங்களுக்குத் தாராளமாக நேரம் கொடுக்கும். அந்தத் தாராளத்தை நம்பி இறங்கினால், மேலேறும்போது நைட்ரஜன் உடலுக்குள் குமிழாகி மூட்டு வலியோடு முடியலாம், அதைவிட மோசமாகவும் முடியலாம். எனவே ஒரு டைவுக்கும் அடுத்த டைவுக்கும் இடையில், படகில் உட்கார்ந்து பேட்டரி மாற்றும் பேச்சே வேண்டாம். இதே நைட்ரஜன் காரணமாகத்தான், மேலேறும் வழியில் கட்டாயமாக நிற்கத் தேவையில்லாத ஒற்றை டைவுக்குப் பிறகு விமானம் ஏற 12 மணி நேரமும், பல டைவுகளுக்குப் பிறகு 18 மணி நேரமும் காத்திருக்கச் சொல்கிறார்கள். பேட்டரி விஷயத்தில் நான் 48 மணி நேரம் வைத்துக்கொள்கிறேன். பேட்டரி எங்கும் ஓடிப்போகாது.

| வழி | கையிலிருந்து போகும் பணம் | மறைந்திருக்கும் செலவு | ஆகும் காலம் | அழுத்தச் சோதனை |
|---|---|---|---|---|
| வீட்டில், நிறுவனத்தின் கிட்டோடு | நடுத்தரம் | கிட் வந்து சேரும் வரை காத்திருப்பு. தவறினால் முழு நட்டமும் நமக்கே | அரை மணி நேரம் | இல்லை |
| வீட்டில், தனி பேட்டரியோடு | மிகக் குறைவு | பழைய ஓ-ரிங்கின் வயது | அரை மணி நேரம் | இல்லை |
| தெருமுனை வாட்ச் கடை | குறைவு | பொருந்தாத வளையம், சென்சாருக்கு ஆபத்து | பத்து நிமிடம் | பெரும்பாலும் இல்லை |
| டைவிங் சென்டர் | நடுத்தரம் | ஊருக்கு ஊர் தரம் மாறும் | ஒரு நாள் | கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் |
| அங்கீகரிக்கப்பட்ட சேவை மையம் | அதிகம் | அனுப்பும் செலவு, வாடகைக் கம்ப்யூட்டர் | வாரங்கள், சில நேரம் மாதங்கள் | உண்டு |

## வீட்டில், நிறுவனத்தின் கிட்டோடு

நாணயப் பள்ளம் உள்ள மாடல் என்றால் என் ஓட்டு இதற்குத்தான். கிட்டில் பேட்டரியும் புது ஓ-ரிங்கும் இருக்கும். சில நிறுவனங்கள் புது மூடியையும் சேர்த்தே தருகின்றன. மூடி தேவையா என்று தோன்றும். பிளாஸ்டிக் மூடியின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்திருந்தால் எவ்வளவு நல்ல வளையமும் உதவாது என்பதால் தருகிறார்கள்.

வேலை எளிது, ஆனால் சோம்பேறித்தனத்தை மன்னிக்காது. முதலில் கம்ப்யூட்டரை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, உப்பு கரைந்தபின் முழுவதும் உலரவிடுங்கள். மூடியின் இடுக்கில் ஒளிந்திருக்கும் ஈரமும் மணலும் திறந்தவுடன் உள்ளே விழும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, வெளிச்சமான மேசையில் வெள்ளைத்துணி விரித்து உட்காருங்கள். நாய், பூனை வளர்ப்பவர்கள் அந்த நேரத்துக்கு அவற்றை வேறு அறைக்கு அனுப்பிவிடுவது நல்லது.

பழைய வளையத்தை எடுக்க ஊசியோ கத்தி முனையோ கூடாது. வளையம் எப்படியும் குப்பைக்குப் போவதுதான். அது உட்கார்ந்திருந்த பள்ளத்தில் கீறல் விழுந்தால்தான் சிக்கல். பள்ளத்தின் இரு பக்கத்தையும் விரல்களால் நெருக்கினால் வளையம் ஓரிடத்தில் எழும்பி நிற்கும். அங்கே மரப் பல்குச்சியை நுழைத்து எடுத்துவிடலாம். பிறகு பள்ளத்தைத் துடைக்க வேண்டும். இந்த இடத்தில்தான் நான் சறுக்கினேன்.

காது குடையும் பஞ்சுக் குச்சியால் துடைத்தேன். எல்லாம் பளபளவென்று இருந்தது. மறுவாரம் புதுச்சேரிக் கடலில் 12 மீட்டரில் திரையின் எண்கள் மங்கின, பிறகு பாதிப் பாதியாக உடைந்தன, கடைசியில் வெறும் சாம்பல் நிறம் மிஞ்சியது. உடன் வந்தவருக்குச் சைகை காட்டி, மெதுவாக மேலேறி, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று, டைவை முடித்துக்கொண்டேன். அவர் கையில் கம்ப்யூட்டர் வேலை செய்கிறதே, அதைப் பார்த்துத் தொடரலாமே என்று தோன்றும். அது அவருடைய ஆழத்தையும் அவருடைய நேரத்தையும் கணக்கிடும் கருவி; அதில் என் கணக்கு இருக்காது.

மறுநாள் வீட்டில் திறந்தபோது, வளையத்தின் குறுக்கே அரை சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு பஞ்சு நூல் கிடந்தது. உப்புத் தண்ணீர் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்திருக்கிறது. பேட்டரி தொடும் தகடுகளில் அதற்குள் பச்சை பூத்துவிட்டது. கரையேறிய உடனே திறந்து, பேட்டரியை எடுத்துவிட்டு, நல்ல தண்ணீரால் கழுவி உலர்த்தியிருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கும். சில மாடல்களில் பேட்டரி அறையும் மின்னணுப் பகுதியும் தனித்தனியாக அடைக்கப்பட்டிருப்பதால் தப்ப வாய்ப்பு உண்டு. நான் ஒரு நாள் தள்ளிப்போட்டேன், கதை முடிந்தது. இப்போது மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியைத்தான் பயன்படுத்துகிறேன்.

கிரீஸ் பற்றி ஒரு குழப்பம் உண்டு. நைட்ரைல் ரப்பர் வளையத்துக்குச் சிலிகான் கிரீஸ் பொருந்தும். சிலிகானாலேயே ஆன வளையத்துக்கு அதைப் போட்டால் வளையம் உப்பிப்போகும். கிட்டோடு வரும் கையேடு தடவச் சொன்னால் மட்டும் தடவுங்கள். அப்போதும், வளையம் மினுமினுத்தால் போதும். தாராளமாக அப்பினால் அது முடியையும் மணலையும் அழைத்து உட்காரவைக்கும். வாஸ்லின் (பெட்ரோலியம் ஜெல்லி) வேண்டாம்.

பேட்டரியை விரலால் விளிம்பைப் பிடித்து எடுங்கள். உலோகச் சாமணத்தால் பிடித்தால் இரு முனையும் சேர்ந்து மின்சாரம் வீணாகும். கூட்டல் குறி எந்தப் பக்கம் இருந்தது என்பதைக் கழற்றும்போதே கைப்பேசியில் படம் எடுத்துவைத்துக்கொள்ளலாம். மூடியை நேராக அழுத்தி, குறி குறியோடு சேரும் வரை மட்டும் திருப்புங்கள். அதற்கு மேலும் முறுக்கினால் வளையம்தான் நசுங்கும்.

இனிச் சோதனை. வாளித் தண்ணீரில் போட்டுப் பார்ப்பதைச் சிலர் கேலி செய்வார்கள், 20 செ.மீ. ஆழத்தில் என்ன தெரியப்போகிறது என்று. ஓ-ரிங் ஆழத்தில் இன்னும் இறுக்கமாகத் தன் பள்ளத்தில் பதியும். மூடி கோணலாக உட்கார்ந்திருந்தாலோ குறுக்கே முடி கிடந்தாலோ ஆழமில்லாத நீரிலேயே கசிவது உண்டு. ஆகவே வாளி பெரிய தவறுகளைக் காட்டிக்கொடுக்கும். அதில் தேறிவிட்டதாலேயே 30 மீட்டருக்கு உறுதி கிடைத்துவிட்டதாக நினைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இன்னொரு சோதனையை, டைவிங் கடிகாரங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 6425 தரநிலையிலிருந்து கடன் வாங்கலாம். கடிகாரத்தை 40 முதல் 45 டிகிரி வரை சூடாக்கி, கண்ணாடியின் மேல் குளிர்ந்த நீர்த்துளி ஒன்றை விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பார்ப்பார்கள். உள்பக்கம் ஆவி படிந்தால் ஈரம் புகுந்துவிட்டது என்று பொருள். வீட்டில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்து எடுத்தே இதைச் செய்யலாம். கண்ணாடிக்குப் பின்னாலுள்ள ஈரத்தை இது சொல்லும். தனியாக அடைக்கப்பட்ட பேட்டரி அறையைப் பற்றி எதுவும் சொல்லாது.

## வீட்டில், கடையில் வாங்கிய பேட்டரியோடு

பேட்டரியின் பெயரிலேயே அளவு இருக்கிறது. சி.ஆர்.2450 என்றால் ஏறத்தாழ 24 மி.மீ. அகலம், 5 மி.மீ. தடிமன். சி.ஆர்.2430 அதே அகலம், 3 மி.மீ. தடிமன். இரண்டும் 3 வோல்ட்தான், ஆனால் சேமிப்பில் பின்னது முன்னதில் ஏறத்தாழப் பாதி. ஒன்றுக்கு மற்றதைப் போட முடியாது. எல்.ஐ.ஆர்.2450 என்று ஒன்று விற்கிறார்கள். அது மின்னேற்றம் செய்யக்கூடியது, முழுதும் ஏறியதும் 4.2 வோல்ட் வரை காட்டும். கம்ப்யூட்டரில் அதைப் போட்டு விபரீதத்தை விலைக்கு வாங்காதீர்கள். குழந்தைகள் விழுங்காமலிருக்கக் கசப்புப் பூச்சு பூசிய பேட்டரிகளும் வருகின்றன. பாராட்ட வேண்டிய யோசனைதான். ஆனால் சில கருவிகளில் அந்தப் பூச்சே தொடர்பைத் தடுத்துவிடும்.

இந்த வழியில் நூறு, இருநூறு ரூபாயில் வேலை முடிந்துவிடும். மிச்சப்படுவது கிட்டின் விலை, பணயம் வைப்பது முழுக் கம்ப்யூட்டர். வளையத்தைப் போன முறைதான் மாற்றினேன், இன்னும் மெத்தென்று இருக்கிறது, தட்டையாகவில்லை, வெடிப்பில்லை என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால் செய்யலாம். நான் செய்வதில்லை.

## தெருமுனை வாட்ச் கடை

கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த அண்ணனின் கைத்திறனை நான் குறைசொல்ல மாட்டேன். பொடித் திருகாணிகளை அவர் கழற்றும் நேர்த்தி நமக்கு வராது. சிக்கல் வேறிடத்தில். அவர் பெட்டியில் இருக்கும் வளையங்கள் மழையிலும் கைகழுவும் தண்ணீரிலும் நனையும் கடிகாரங்களுக்கானவை. ஏறத்தாழப் பொருந்தும் வளையம், ஏறத்தாழத்தான் தண்ணீரைத் தடுக்கும். தூசியை ஊதித் தள்ளும் பழக்கத்தில் அழுத்தக் காற்றை ஆழமானியின் துளைக்குள் அடித்துவிட்டால் சென்சார் கெட்டுப்போகும்.

சில பெரிய கடைகளில் கண்ணாடிக் குழாய் போன்ற சோதனைக் கருவி இருக்கும். பாதித் தண்ணீர், மேலே காற்று. கடிகாரத்தைக் காற்றில் தொங்கவிட்டு அழுத்தம் ஏற்றுவார்கள், பிறகு தண்ணீருக்குள் இறக்கி அழுத்தத்தைக் குறைப்பார்கள். உள்ளே புகுந்திருந்த காற்று குமிழாக வெளியேறினால் கசிவு. நல்ல முறைதான். ஆனால் சில கம்ப்யூட்டர்கள் இதை டைவ் என்றே எடுத்துக்கொண்டு, ராக்கெட் வேகத்தில் மேலேறியதாக அலறும். இந்தக் கருவி இருக்கும் கடை கிடைத்து, சரியான வளையத்தை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்தால், நான்கு திருகாணி மாடலுக்கு இது மோசமான வழியில்லை. திருகாணிகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முடுக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தை முழுதும் இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் மூடி சாயும்.

## டைவிங் சென்டர்

வளையம் பற்றிய பாடமே இங்கே தேவையில்லை. சிலிண்டரிலிருந்து கேமரா உறை வரை தினமும் அதோடுதான் அவர்கள் மல்லுக்கட்டுகிறார்கள். ஆனால் எல்லா மாடலுக்கும் கிட் வைத்திருக்க மாட்டார்கள். போவதற்கு முன் மாடல் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கிட்டை நீங்களே கொண்டுபோவதானால், தனி லித்தியம் பேட்டரியைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தின் சரக்குப் பெட்டிகளோடு போகும் பையில் அதற்கு அனுமதியில்லை.

முதன்முறையாகத் திறப்பவர்களுக்கு என் சிபாரிசு: அங்கே கொடுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். அடுத்த முறை வீட்டில் செய்யத் தைரியம் வந்துவிடும்.

## அங்கீகரிக்கப்பட்ட சேவை மையம்

உங்கள் டைவ்கள் எந்த வகை என்பதைப் பொறுத்தது இது. மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்ரலில் மூழ்கிய ஹெர்மஸ் கப்பலைப் பார்க்க 50 மீட்டருக்கும் கீழே இறங்கி, வழியில் நின்று நின்று மேலேற வேண்டியவர்களுக்கு வாளிச் சோதனை போதாது. அவர்கள் இங்கேதான் கொடுக்க வேண்டும், இரண்டாவதாக ஒரு கருவியையும் கையில் கட்டியிருக்க வேண்டும். உத்தரவாதம் மிச்சமிருப்பவர்களுக்கும், பேட்டரி அறையில் ஒருமுறையாவது ஈரத்தைப் பார்த்தவர்களுக்கும் இதுவே வழி.

கட்டணம் ஒருபுறம் இருக்கட்டும், காலம்தான் பெரிய செலவு. உள்ளூரில் மையம் இல்லாத நிறுவனம் என்றால் கருவி வெளிநாடு போய்வர வேண்டியிருக்கும். கூரியர், திரும்பி வரும்போது சுங்கத்தில் நடக்கும் கேள்வி பதில், அதுவரை எடுக்கும் வாடகைக் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் கூட்டினால், பழைய எளிய மாடல்களுக்கு இந்தச் செலவு நியாயமாகாது.

## அப்படியானால் மின்னேற்றும் மாடலே வாங்கிவிடலாமா?

கார்மின் டிசென்ட், சுன்டோ டி5, ஷியர்வாட்டர் டெரிக் போன்றவற்றில் நாம் திறக்க மூடியே இல்லை. நிம்மதிதான். ஆனால் சில ஆண்டுகளில் உள்ளிருக்கும் பேட்டரி தளரும்போது மறுபடி சேவை மைய வாசலில்தான் நிற்க வேண்டும். நாள் கணக்கில் படகிலேயே தங்கும் பயணத்தில் சார்ஜருக்கு வரிசையும் உண்டு. ஷியர்வாட்டர் பெர்டிக்ஸ் வேறு வழியில் போகிறது: பெட்டிக்கடையில் கிடைக்கும் டபுள் ஏ பேட்டரி ஒன்று போதும். கைக்கடிகாரமாக அலுவலகத்துக்குக் கட்டிப்போக முடியாது என்பதுதான் குறை. பேட்டரி தீர்ந்ததற்காக மட்டும் புதியது வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

பேட்டரி வழக்கத்தைவிடச் சீக்கிரம் தீர்ந்தால், முதலில் ஈரப் பையைச் சந்தேகியுங்கள். தண்ணீர் பட்டாலே விழித்துக்கொள்ளும் மாடல்களை நனைந்த டைவிங் உடையோடு சுருட்டி வைத்தால், அவை இரவெல்லாம் விழித்திருக்கும்.

## வெள்ளிக்கிழமை விமானம் உள்ளவருக்கு

மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். திறந்து மூடிய கம்ப்யூட்டரின் முதல் டைவ் ஆழமில்லாத, பழகிய இடத்தில் இருக்க வேண்டும். உடன் வருபவருக்கும் சொல்லிவைத்திருக்க வேண்டும். பணமும் விடுமுறையும் செலவழித்துப் போகும் பயணத்தின் முதல் நாளை அதற்குக் கொடுக்காதீர்கள். சிமிட்டும் பேட்டரியோடு சமாளித்துவிடலாம் என்ற கணக்கும் வேண்டாம். இந்த வகை லித்தியம் பேட்டரி கடைசி வரை 3 வோல்ட்டுக்கு அருகிலேயே நின்றுவிட்டு, முடியும் தறுவாயில் மடமடவென்று இறங்கும். குளிர்ந்த நீரில் இன்னும் விரைவாக.

சென்டருக்கு இன்றே தொலைபேசியில் பேசி ஒரு கம்ப்யூட்டரை வாடகைக்குச் சொல்லிவிடுங்கள். பயணம் முழுவதும் அந்த ஒன்றையே கட்டுங்கள். நடுவில் மாற்றினால் நைட்ரஜன் கணக்கு அறுந்துபோகும். உங்களுடையதைப் பேட்டரியோடு அப்படியே அலமாரியில் உலர வைத்துவிட்டுப் போங்கள். கிட்டுக்கு இன்றே ஆர்டர் கொடுத்தால், நீங்கள் திரும்பி வருவதற்குள் வீட்டு வாசலுக்கு வந்திருக்கும். கழற்றிய பழைய பேட்டரியின் இரு பக்கமும் டேப் ஒட்டி, குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். தீர்ந்துபோன பேட்டரி கூட, விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும்.